வாய்க்கால் தெருவுக்கு பிஎச்.டி. பஸ் வந்த கதை

எங்க வாய்க்கால் தெருவுக்குள்ள கேஸ் சிலிண்டர் ஆட்டோவே ரிவர்ஸ்லதான் வரும், வந்தாலும் முனை வீட்டு மாடிப்படியில ஒரு தடவை இடிக்காமத் திரும்பாது, அப்பேர்ப்பட்ட தெருவுல ஒரு முழு பஸ்ஸு, முன்னாடி போர்டு வச்சு, பின்னாடி ஏணி வச்சு, சீனிராஜ் அண்ணன் வீட்டு வாசல்ல வந்து நின்னுச்சுன்னா, அது எப்படி உள்ள வந்துச்சுன்னு கேக்கறவங்க வெளியூர்க்காரங்களாத்தான் இருக்கணும். சாத்தூர்க்காரங்க நாங்க கேக்கல. காலையில வாசல் தெளிக்க வந்த நான் மொதல்ல கேட்டதே, "யாருய்யா கோலத்து மேல டயரை ஏத்துனது?"ங்கறதுதான்.

நான் தங்கமாரி. எதிர் வீடு. பிளவுஸ் தைக்கிறேன். மிஷினை ஜன்னலோரம் போட்டிருக்கறதால தெருவுல நடக்கிறது எதுவும் என் கண்ணுக்குத் தப்பாது, இதை வச்சு என்னைப் பத்தி நாலு பேரு நாலு விதமாப் பேசுவாங்க, பேசிட்டுப் போகட்டும், அவங்க பிளவுஸையும் நான்தான் தைக்கணும். முந்தின நாள்தான் சீனிராஜ் அண்ணன் மக சங்கரேஸ்வரிக்கு, எங்களுக்குச் சங்கரி, எம்.எஸ்சி. ரிசல்ட் வந்திருந்துச்சு. விலங்கியல். நல்ல மார்க்கு. எங்க தெருவுல அவ்வளவு தூரம் படிச்ச மொத ஆளு அவதான். அண்ணன் மகளையும் கூட்டிக்கிட்டு வீடு வீடாப் போய் காராச்சேவும் மிட்டாயும் கொடுத்தாரு, வாங்குன ஒவ்வொருத்தரும் ஒரு வாய் சேவைப் போட்டுக்கிட்டு, அதை மென்னு முழுங்கறதுக்கு முன்னாடியே, "அடுத்து என்னம்மா?"ன்னு கேட்டாங்க. நானும் கேட்டேன், கேக்காம எப்படி? தெருவே சேர்ந்து கேட்ட கேள்விக்கு அவ சிரிச்சுக்கிட்டே தட்டை வாங்கிட்டுப் போயிட்டா. விடிஞ்சு பார்த்தா பஸ் நிக்குது.

மொதல்ல வந்தது பி.எட். பச்சை வண்டி, சுத்தமான வண்டி, ஜன்னல் கம்பியெல்லாம் துடைச்சு வச்சிருந்தாங்க, கண்டக்டருக்கு நெத்தி நிறைய திருநீறு, சட்டைப்பையில சிவப்புப் பேனா. "பி.எட்., பி.எட்., ரெண்டே வருஷம், இடையில எங்கயும் நிக்காது, எறங்குனா வாத்தியார் வேலை, ஏறு தாயி ஏறு"ன்னு சங்கரி வீட்டு வாசலைப் பார்த்தே கூவுனாரு. சங்கரி வாயில பல்பொடி நுரையோட வெளிய வந்து பார்த்தா, "குளிச்சிட்டு வாரேன்"னு சொல்லிட்டு உள்ள போயிட்டா. அப்படிக் குளிக்கப் போனவதான், அதுக்கப்புறம் ரொம்ப நாளு அந்த வண்டிப் பக்கமே வரல.

வெயில் ஏற ஏற ஒண்ணு பின்னாடி ஒண்ணா வந்துச்சுங்க. ஏற்கெனவே ஒரு டிகிரி முடிச்சவங்களுக்கு ரெண்டாவது எம்.ஏ. வண்டின்னு ஒண்ணு, அது வட்டமாச் சுத்துற வண்டி, அதுல ஏறுனவங்க எறங்கும்போது கையில இன்னொரு டிகிரி இருக்கும், ஆனா எறங்குற இடம் ஏறுன இடம்தான். மூணு வருஷ சட்டப் படிப்பு வண்டி ஒண்ணு, சாக்கடை மூடி மேல நிறுத்திட்டீங்களேன்னு நான் சத்தம் போட்டதுக்கு, நிறுத்தக்கூடாதுன்னு எந்தச் சட்டத்துல இருக்குன்னு அந்தக் கண்டக்டர் என்கிட்டயே திருப்பிக் கேட்டான். வெளிநாட்டுப் படிப்புக்கு ஏ.சி. வண்டி, ஜன்னலே திறக்காது, டிக்கெட் கொடுக்கறதுக்கு முன்னாடி இங்கிலீஷ்ல பரீட்சை வைப்பாங்க, எங்க தெரு நாய் குறுக்க படுத்திருந்ததுக்கு "எக்ஸ்கியூஸ் மீ"ன்னு சொன்ன மனுஷன் அந்தக் கண்டக்டர் ஒருத்தர்தான். எம்.பில். வண்டியும் வந்துச்சு, ஆனா அந்த ரூட்டை எப்பவோ நிறுத்திட்டாங்களாம், டிரைவர் பழக்கதோஷத்துல ஒரு சுத்து வந்துட்டு, "ஏறாதீங்க, டிப்போவுக்குப் போகுது"ன்னு கையைக் காட்டிட்டுப் போயிட்டாரு.

எல்லாத்துக்கும் கடைசியில பிஎச்.டி. வண்டி. அது வந்ததை யாரும் பார்க்கல, திரும்பிப் பார்த்தா நின்னுக்கிட்டிருந்துச்சு. பெயின்ட்டு என்ன கலருன்னு சொல்ல முடியாது. உள்ள சீட்டு முழுக்க ஆளு, எல்லாரு மடியிலயும் ஒரு லேப்டாப், ஒருத்தரும் தலையைத் தூக்கல. டிரைவர் சீட்டு மட்டும் காலி. கண்டக்டர் படியில உக்காந்து பேப்பர் படிச்சுக்கிட்டிருந்தாரு.

"டிரைவர் எங்கண்ணே?"ன்னு கேட்டேன்.

"எங்க வண்டியில டிரைவர்னு சொல்றதில்லம்மா, கைடு. கான்ஃபரன்ஸுக்குப் போயிருக்காரு."

"எப்ப வருவாரு?"

"மெயில் போட்டிருக்கோம்."

"சரி, வண்டி எப்ப போய்ச் சேரும்?"

அவரு பேப்பரை மடிச்சாரு, கண்ணாடியைக் கழட்டித் துடைச்சாரு, "போய்ச் சேரும்மா, அது மட்டும் நிச்சயம்"னாரு. நல்ல மனுஷன், பொய் சொல்லத் தெரியல பாவம்.

ஒரு வாரத்துல எங்க தெரு பஸ் ஸ்டாண்டா ஆயிருச்சு. டீக்கடை செல்லத்துரை பாய்லரைத் தூக்கிட்டு முனையில இருந்து நடுத்தெருவுக்கு வந்துட்டான். வெள்ளரிக்கா விக்கிறவங்க, ஹைவேயில வெயில்ல ஓடி ஓடி வித்தவங்க, இங்க நிழல்ல நிக்கற வண்டியில ஜன்னல் ஜன்னலா மிளகாப்பொடி தூவி வித்தாங்க. பி.எட். வண்டியில ஃபேன் இருந்ததால பொம்பளைங்க எல்லாம் காய் நறுக்கறது, பூக் கட்டுறது, ஊர்க்கதை பேசுறதுன்னு மத்தியானம் பூரா அங்கதான் கெடந்தோம், கண்டக்டரும் ஒண்ணும் சொல்லல, வெங்காயம் உரிச்சே கொடுத்தாரு. பிஎச்.டி. வண்டி ஏணி துணி காயப் போட வசதியா இருந்துச்சு, அது எப்படியும் நகரப் போறதில்லன்னு எல்லாருக்கும் தெரியும். கவுன்சிலர் வந்து தன் படம் பெருசாப் போட்ட நிழற்குடை ஒண்ணு வச்சாரு, அதுல 'சங்கரேஸ்வரி வீடு நிறுத்தம்'னு எழுதியிருந்துச்சு. பொண்ணு பார்க்க வந்த ஒரு குடும்பம் வீட்டுக்கு வழி எந்த வண்டிக்குள்ளன்னு தெரியாம, ஏ.சி. வண்டியில ஏறி, இங்கிலீஷ் பரீட்சையில மாப்பிள்ளை பெயிலாகி, காபி கூடக் குடிக்காமத் திரும்பிப் போனாங்க. நானும் ஒரு நாளு ரெண்டாவது எம்.ஏ. வண்டியில முன்வாசல்ல ஏறிப் பார்த்தேன். நான் ஒம்பதாங் கிளாஸு. ஏறுன ஜோர்ல பின்வாசல்ல எறங்கிட்டேன், அதே வாய்க்கால் தெரு, அதே சாக்கடை, அடுப்புல வச்ச பால் மட்டும் பொங்கி வழிஞ்சிருந்துச்சு.

யாரு ஏறி என்ன, ஏற வேண்டியவ ஏறல. அவ மனசு எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும், ஜன்னலோரம் உக்காந்தவளுக்குத் தெரியாதா? அவளுக்குப் பல்லின்னா உசுரு. சின்னப்புள்ளையில இருந்து மல்லாக்கப் படுத்துக்கிட்டு விட்டத்தையே பார்த்துக்கிட்டிருப்பா. அவ போன்ல பாட்டு கெடையாது, பூராவும் பல்லி சொல்றதுதான் ரெக்கார்டு பண்ணி வச்சிருப்பா, டிக் டிக் டிக்குன்னு, அதைக் கண்ணை மூடிக்கிட்டுக் கேப்பா. காலேஜ்ல பல்லியைப் பத்திப் படிக்கிறான்னு தெரிஞ்சதுல இருந்து தெருப் பொம்பளைங்க அவளை விட்டதில்ல. "ஏத்தா சங்கரி, எடது தோள்ல விழுந்திருச்சு, என்ன பலன்?"னு நானே ஓடிப்போய்க் கேட்டிருக்கேன்.

"பல்லிக்குக் காலு வழுக்கிருச்சுன்னு அர்த்தம் அத்தை."

"காலண்டர்ல வேற மாதிரி போட்டிருக்கே?"

"அப்ப காலண்டரைக் கேளுங்க அத்தை."

திமிரு பிடிச்ச கழுதை. ஆனா அவ பேசுனா கேட்டுக்கிட்டே இருக்கலாம். அவ ஏற நினைச்சது பிஎச்.டி. வண்டி. அதை அவ வாயைத் திறந்து சொல்லல, அவங்க அப்பாவுக்குப் பயந்துக்கிட்டு. பயம்னா அடிப்பாருன்னு இல்ல, மனசு ஒடிஞ்சிருவாரேன்னு.

சீனிராஜ் அண்ணன் நூல் மில்லுல எலக்ட்ரீஷியன். மிஷின் சத்தத்துலயே காலத்தை ஓட்டுன மனுஷன், அதனால எங்கயும் கத்தித்தான் பேசுவாரு. சாமி கும்பிட்டாலும் தெரு முழுக்க அவரு வேண்டுதல் கேக்கும், அந்த வீட்டுல ரகசியமே கெடையாது. பிஎச்.டி. வண்டின்னா என்னன்னு விசாரிக்க அவரே ஒரு நாளு ஜன்னல் பக்கம் போனாரு. அங்க ரத்தினவேல்னு ஒருத்தர் உக்காந்திருந்தாரு, நரைச்ச தாடி நெஞ்சு வரைக்கும்.

"எப்பத் தம்பி ஏறுனீங்க?"ன்னு அண்ணன் கத்துனாரு.

"எந்த வருஷம்னு கேக்காதீங்கண்ணே, எத்தனாவது கைடுன்னு கேளுங்க. மொத கைடு ரிட்டயர் ஆயிட்டாரு. ரெண்டாவது கைடு வெளிநாடு போயிட்டாரு. இப்ப இருக்கறவருக்கு என் பேரு இன்னும் வாயில வரல."

"என்னத்தப் பத்திப் படிக்கிறீங்க?"

அந்த ஆளு மூஞ்சி பளிச்சுன்னு ஆயிருச்சு. "நத்தைண்ணே! உங்க ஊரு கம்மாய் நத்தைக்கு ஓடு எந்தப் பக்கமாச் சுத்துதுன்னு என்னைக்காவது பார்த்திருக்கீங்களா? பாருங்கண்ணே, போய்ப் பாருங்க!"ன்னு ஜன்னல் கம்பியைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சாரு.

அண்ணன் மிரண்டுட்டாரு. தாடியைப் பார்த்துக்கூட இல்ல, அந்தச் சிரிப்பைப் பார்த்து. வீட்டுக்கு வந்து, "பாக்கியம், நம்ம புள்ள அந்த வண்டியில ஏறப்படாதுடி, ஏறுனா நத்தையைப் பார்த்துச் சிரிச்சுக்கிட்டே கெழவியாயிருவா"ன்னு பாக்கியத்தாய் மதினிகிட்ட ரகசியம் சொன்னாரு. தெரு முழுக்கக் கேட்டுச்சு. சங்கரிக்கும் கேட்டுச்சு. அன்னைக்கு அவ சாப்பிடல.

இப்ப எங்க ஊருக்காரங்க பழக்கம் ஒண்ணைச் சொல்லணும். பஸ் ஸ்டாண்டுல வண்டி திரும்பும்போதே, நிக்கறதுக்கு முன்னாடியே, ஜன்னல் வழியா துண்டைப் போட்டு சீட்டுப் பிடிச்சிருவோம். கர்ச்சீப்பு போடுவோம், கூடை போடுவோம், குடை போடுவோம், எங்க வீட்டுக்காரரு ஒரு தடவை செருப்பையே போட்டிருக்காரு. போட்டா போட்டதுதான். ஒருத்தர் போட்ட துண்டை இன்னொருத்தர் எடுக்கக்கூடாது, எடுத்தா அது மூஞ்சியில அறைஞ்ச மாதிரி, கலெக்டரே வந்தாலும் நின்னுக்கிட்டுதான் வரணும்.

அப்படியிருக்க, ஒரு வெள்ளிக்கிழமை காலையில எல்லா கண்டக்டரும் சேர்ந்து விசில் அடிச்சு, அட்மிஷன் முடியப்போகுது, வண்டியை எடுக்கப்போறோம்னு சொல்லிட்டாங்க. அவ்வளவுதான், கையி சும்மா இருக்குமா? சீனிராஜ் அண்ணன் தோள்ல கெடந்த துண்டை உருவி, கூட்டத்தைப் பிளந்துக்கிட்டு ஓடி, பி.எட். வண்டி ஜன்னல் வழியா டிரைவருக்குப் பின் சீட்டுல போட்டுட்டாரு. "எம் புள்ளைக்கு சீட்டுப் போட்டாச்சு!"ன்னு அவரு கத்துனதுல காக்கா பறந்துச்சு.

இதைப் பார்த்தாரு சங்கரியோட தாய்மாமன் குருசாமி. சிங்கப்பூர்ல வேலை பார்த்துட்டு வந்தவரு. மருமகளை வெளிநாடு அனுப்பாம விடப்போறதில்லன்னு ஏ.சி. வண்டிக்கு ஓடுனாரு. ஜன்னல் திறக்காதே, கதவு வழியா கையை நுழைச்சுத் தன் கூலிங்கிளாஸை மொத சீட்டுல வச்சுட்டு வந்தாரு. செல்லத்துரைக்கு ஒரு எடத்துத் தகராறு கோர்ட்டுல இருக்கு, வீட்டுக்குப் பக்கத்துல ஒரு வக்கீல் இருந்தா நல்லதுன்னு சட்டப் படிப்பு வண்டியில டீ வடிகட்டுற துணியைப் போட்டான், அது சொட்டிக்கிட்டே போச்சு. நான்? நானும் போட்டேன். கையில இருந்தது பேச்சியம்மா மதினியோட பாதி தச்ச பிளவுஸு, அதைத் தூக்கி ரெண்டாவது எம்.ஏ. வண்டியில வீசுனேன். அந்த வண்டிதான் ஏறுன இடத்துலயே எறக்கி விடும், அந்தப் புள்ள எங்க கண்ணு முன்னாடியே இருக்கட்டுமேன்னு ஒரு ஆசைதான், எனக்குப் புள்ள இல்ல. பாக்கியத்தாய் மதினி மட்டும் எதையும் போடாம வாசல்ல நின்னாங்க. பிஎச்.டி. வண்டியில யாரும் ஒரு நூலு கூடப் போடல.

விசில் அடிச்சாங்க, எஞ்சின் உறுமுச்சு, வண்டி ஒண்ணும் நகரல. "துண்டு யாருக்குப் போட்டதோ அந்த ஆளு ஏறட்டும், எடுத்துருவோம்"னாரு பி.எட். கண்டக்டர். ஏ.சி. வண்டிக்காரரும் அதையே இங்கிலீஷ்ல சொன்னாரு. சீட்டுக்கு உரியவங்களை விட்டுட்டு வண்டியை எடுக்கறது பாவமாம். யாருக்காகப் போட்டாங்களோ அவங்க உக்காரணும், இல்லைன்னா அவங்க கையாலயே துண்டை எடுத்து, போட்டவங்ககிட்டயே திருப்பிக் கொடுக்கணும், அதுவரைக்கும் சக்கரம் சுத்தாது. பிஎச்.டி. வண்டியைத் தவிர எல்லா வண்டியிலயும் சங்கரி பேர்ல சீட்டு. ஒருத்தி எத்தனை வண்டியில உக்காருவா?

பின்னாடி வர்ற வண்டியெல்லாம் தெருவுக்குள்ள வர முடியாம நின்னுச்சு. வரிசை ரயில்வே கேட்டைத் தாண்டி, ஹைவேயில ஏறி, கோவில்பட்டி வரைக்கும் போயிருச்சுன்னாங்க. அந்த வண்டிகள்ல எல்லாம் எம்.ஏ., எம்.எஸ்சி. முடிச்ச எந்தெந்த ஊரு புள்ளைங்களோ பெட்டியோட உக்காந்துக்கிட்டு, "என்னாச்சு, ஏன் நிக்குது?"ன்னு ஜன்னல்ல எட்டி எட்டிப் பார்த்துச்சுங்க. வெள்ளரிக்காக்காரங்களுக்கு நல்ல யாவாரம். மத்தவங்களுக்குப் பாடு. இன்ஸ்பெக்டர் வந்தாரு, லத்தியால துண்டை எடுக்கப் பார்த்தாரு, அது சீட்டோட ஒட்டிக்கிட்டு வரமாட்டேன்னுச்சு, "குடும்ப விவகாரம்"னு சொல்லிட்டுப் போயிட்டாரு.

சங்கரி உள்ள கதவைச் சாத்திக்கிட்டா. துண்டை எடுத்தா அப்பா போட்டதை ஊரு முன்னாடி அவரு கையிலயே திருப்பிக் கொடுக்கணும், அந்த மனுஷன் அதுக்கப்புறம் செல்லத்துரை கடையில நின்னு டீ குடிப்பாரா? எடுக்கலைன்னா பி.எட்.ல உக்காரணும். அந்த நேரம் பார்த்து பிஎச்.டி. கண்டக்டர் வந்து கதவைத் தட்டுனாரு. "பாப்பா, கைடு கெளம்பிட்டாராம். வந்தாருன்னா உடனே எடுத்துருவாரு. திரும்ப இந்தப் பக்கம் எப்ப வரும்னு நான் பொய் சொல்ல மாட்டேன். சீட்டு இல்ல, நின்னுக்கிட்டுதான் வரணும், அதையும் சொல்லிடறேன்."

கொஞ்ச நேரத்துல கதவு திறந்துச்சு. தலையை இறுக்கிப் பின்னிக்கிட்டு, தோள்ல ஒரு பையோட வந்தா. நேரா ஏ.சி. வண்டி. கூலிங்கிளாஸை எடுத்தா, மாமன்கிட்ட நீட்டுனா. "போட்டுக்கங்க மாமா, வெயிலு."

"ஏபுள்ள, லண்டன் வரைக்கும் சீட்டுடி!"

"லண்டன்ல குளிரு மாமா, பல்லி இருக்காது."

செல்லத்துரைகிட்ட அந்தத் துணியைக் கொடுத்து, "துவைச்சுட்டு டீ வடிங்கண்ணே"ன்னா. அடுத்து என்கிட்ட வந்தா. பிளவுஸை மடிச்சுக் கொடுத்தா. "கை இன்னும் வைக்கலையே அத்தை, பேச்சியம்மா அத்தை கத்தப்போறாங்க"ன்னா. அப்புறம் என் கையைப் பிடிச்சுக்கிட்டு, "நான் வருவேன் அத்தை, வந்தா மொதல்ல உங்க ஜன்னலுக்குத்தானே தெரியும்"னா. எனக்கு அழுகை வந்துருச்சு. அழுதேன், மறைக்கறதுக்கு என்ன இருக்கு?

கடைசியா பி.எட். வண்டியில ஏறுனா. அந்தத் துண்டை எடுத்துக்கிட்டு எறங்கி வந்து அப்பா முன்னாடி நின்னா. செல்லத்துரை பாய்லரையே அணைச்சுட்டான். அண்ணன் ரெண்டு கையையும் முதுகுக்குப் பின்னாடி கட்டிக்கிட்டாரு.

"வாங்க மாட்டேன்! ஊரு பார்க்கக் கேக்கிறேன், பல்லியைப் பார்த்து என்னத்த ஆத்தா தெரிஞ்சுக்கப்போற? அந்தத் தாடிக்காரனைப் பாரு! அவனை மாதிரி ஆகணுமா?"

ரத்தினவேல் ஜன்னல் வழியா, "நான் நல்லாத்தான் இருக்கேண்ணே"ன்னாரு.

"நீங்க சும்மா இருங்க தம்பி!"

சங்கரி குரலை உசத்தல. "அப்பா, உங்களுக்குச் சோறு கொண்டுக்கிட்டு மில்லுக்கு வருவேன்ல, அங்க செவுத்துல இருக்கற பல்லி நம்ம வீட்டுப் பல்லியை விட உரக்கச் சொல்லும்பா. மிஷின் சத்தத்துல ஒண்ணுக்கொண்ணு கேக்கணும்ல, அதுக்காகக் கத்துது. அதுல ரெண்டைப் பிடிச்சுட்டு வந்து நம்ம வீட்டுல விட்டேன். இங்க சத்தமே இல்ல. அப்பவும் அதுங்க கத்திக்கிட்டேதான் இருக்கு. மெதுவாச் சொல்றது மறந்துபோச்சா, காது மந்தமாயிருச்சா, இல்ல இன்னும் மிஷின் ஓடுதுன்னே நினைச்சுக்கிட்டிருக்கா? எனக்குத் தெரியணும்பா. எங்க புரொபசரைக் கேட்டேன், அவங்களுக்கும் தெரியல. புஸ்தகத்துலயும் இல்ல. யாராவது ஒருத்தர் போய்ப் பார்த்தாத்தான் உண்டு."

அண்ணன் அவளையே பார்த்துக்கிட்டு நின்னாரு. அப்புறம் என்னவோ சொன்னாரு, பக்கத்துல நின்ன எனக்கே பாதிதான் கேட்டுச்சு, அவ்வளவு மெதுவாச் சொன்னாரு. "நின்னுக்கிட்டே போவியாத்தா?"

"நிப்பேன்பா."

கையை முன்னாடி கொண்டுவந்து துண்டை வாங்கி மூஞ்சியைத் துடைச்சுக்கிட்டாரு. பாக்கியத்தாய் மதினி சோத்துப் பொட்டலத்தோட வந்து, பிஎச்.டி. கண்டக்டர்கிட்ட, பொம்பளைப் புள்ளைங்க எறங்கி ஏற வழியில எங்க நிறுத்துவீங்கன்னு மட்டும் விசாரிச்சாங்க. எல்லா ஊருக்கும் நிறுத்தம் உண்டும்மான்னாரு. மத்த வண்டியெல்லாம் ஒண்ணொண்ணா விசிலடிச்சுக் கெளம்புச்சு, உள்ள இருந்த புள்ளைங்க கையை ஆட்டுச்சுங்க, பி.எட். கண்டக்டர் எங்க பொம்பளைங்ககிட்ட அரிவாள்மணையைத் திருப்பிக் கொடுத்துட்டுப் போனாரு.

அப்பத்தான் கைடு வந்தாரு, ஸ்கூட்டர்ல, கழுத்துல கான்ஃபரன்ஸ் அட்டையோட. சங்கரியைப் பார்த்து, "நீங்கதானே நத்தை?"ன்னாரு.

"இல்ல சார், பல்லி."

"பல்லியா? நல்லது, நல்லது. ஏறுங்க."

ஏறி, மேல கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நின்னா. ரத்தினவேல் அவ பையை வாங்கித் தன் மடியில வச்சுக்கிட்டாரு. கைடு சாவியைத் திருகுனாரு. கிர்ருன்னுச்சு. மறுபடியும் திருகுனாரு. மறுபடியும் கிர்ருதான். கண்டக்டர் எறங்கி வந்து, தலையைச் சொறிஞ்சுக்கிட்டு, "தள்ளணும்"னாரு.

யாரும் யாரையும் கூப்பிடல. ஏணியில காயப் போட்ட துணியை ஆளாளுக்கு உருவிக்கிட்டு வந்து தோளைக் கொடுத்தோம். குருசாமி ஒரு மூலை, செல்லத்துரை ஒரு மூலை, வெள்ளரிக்காக்காரங்க கூடையை எறக்கி வச்சுட்டு ஒரு கை, பேச்சியம்மா மதினி கையில்லாத பிளவுஸுக்காக என்னைத் திட்டிக்கிட்டே ஒரு கை. சீனிராஜ் அண்ணன் நடுவுல, நம்பர் பிளேட்டுக்கு மேல ரெண்டு உள்ளங்கையையும் ஊனி, தலையையும் முட்டுக் கொடுத்துக்கிட்டாரு. "தள்ளுங்கய்யா, எம் புள்ள நிக்குது, தள்ளுங்க!"ன்னு அவரு போட்ட சத்தத்துல வண்டி ஒரு குலுங்கு குலுங்குச்சு, உருண்டுச்சு, முனை வீட்டு மாடிப்படியில ஒரு இடி இடிச்சுச்சு, கறுப்பாப் புகையை எங்க மூஞ்சியில கக்கிட்டு எஞ்சின் பிடிச்சுக்கிச்சு.

நாங்கெல்லாம் இருமிக்கிட்டே நின்னு கையைத் துடைச்சோம். அவரு நிக்கல. "கெளம்பிருச்சுங்க, விடுங்க!"ன்னு மதினி கத்துனாங்க, அவரு காதுல விழல. ரயில்வே கேட்டைத் தாண்டி, ஹைவேயில ஏறி, வண்டி சின்னதாகிச் சின்னதாகிக் கண்ணுல இருந்தே போயிருச்சு, அந்த மனுஷன் அப்பவும் ரெண்டு கையையும் முன்னாடி நீட்டிக்கிட்டு, காத்தைத் தள்ளிக்கிட்டே ஓடிக்கிட்டிருந்தாரு.